பஞ்சர் ஒட்டிய சைக்கிளில் பல்லவன் குகைக்கு... கண்டாச்சிபுரத்தில் ஒரு ஞாயிறு!

விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில், ஏறக்குறைய பாதி வழியில் வருகிறது கண்டாச்சிபுரம். பஸ்ஸில் போகிறவர்களுக்கு அது ஒரு ஸ்டாப். கண்டக்டர் விசில் ஊதுவார், நாலு பேர் இறங்குவார்கள், ஆறு பேர் ஏறுவார்கள், பஸ் கிளம்பிவிடும். கிரிவலக் கூட்டத்தில் நின்றுகொண்டே போகிறவர்களுக்கு ஊர் பேர்கூட காதில் விழாது.

ஆனால், இந்த ஊரை நடுவில் வைத்து ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள். ஆதி மனிதன் பாறையில் வரைந்த செந்நிற ஓவியங்கள், ராஜசிம்ம பல்லவன் கட்டிய மலைக்கோயில், மகேந்திரவர்மன் குடைந்த குகை என எல்லாமே சைக்கிள் மிதிக்கும் தூரத்தில் இருக்கின்றன. கார் இருந்தால் ஒரு மணி நேரத்தில் சுற்றிவிடலாம். ஆனால், அப்படிச் சுற்றியவர்களிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் பார்க்கிங் பிரச்னையைத்தான் சொல்வார்கள். சைக்கிளில் போனால்தான் இந்த ஊர்ப்பக்கம் பிடிபடும்.

சரி, சைக்கிளுக்கு எங்கே போவது? ஐம்பதாயிரம் ரூபாய் கியர் சைக்கிள் எல்லாம் வேண்டாம். உங்கள் வீட்டுக்குப் பின்னால் போய்ப் பாருங்கள்.

வேப்பமரத்தடி சைக்கிள்

தமிழ்நாட்டுக் கிராமங்களில் பெரும்பாலான வீடுகளில் அது நிற்கும். பிளஸ் ஒன் படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் கொடுத்த விலையில்லா சைக்கிள். 2001-ல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்காகத் தொடங்கிய திட்டம், 2005-06 கல்வியாண்டிலிருந்து அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் மற்ற மாணவ மாணவியருக்கும் விரிந்தது. அக்கா இரண்டு வருஷம் அதில் பள்ளிக்கூடம் போயிருப்பார். காலேஜுக்கு பஸ். அப்புறம் கல்யாணம். சைக்கிள் மட்டும் வேப்பமரத்தடியில், சீட்டில் கோழி உட்கார்ந்தபடி, பழைய இரும்புக்காரர் குரலுக்காகக் காத்திருக்கும்.

எடைக்குப் போட்டால் கிடைப்பது ஒரு நாள் மளிகைச் செலவுக்குக்கூடக் காணாது. அதையே ஓவராயில் செய்து எடுத்தால் இன்னும் பத்து வருஷம் ஓடும். துரு பிடித்திருந்தாலும் ஃப்ரேம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். போயிருப்பதெல்லாம் டயர், டியூப், பிரேக் கட்டை, கிரீஸ் வற்றிய பால்ரஸ். எல்லாமே மாற்றக்கூடியவை.

இதற்குப் பெரிய பட்டறை தேவையில்லை. மாட்டுக் கொட்டகை ஓரமோ, மாடிப்படிக்குக் கீழ் இருக்கும் இடமோ போதும். ஸ்பேனர் செட், ஸ்க்ரூ டிரைவர், போக்ஸ் கம்பி திருகும் சின்னச் சாவி, பஞ்சர் ஒட்டும் சாமான், ஒரு டப்பா கிரீஸ், கொஞ்சம் மண்ணெண்ணெய். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துவிட்டால் அதுவே ஸ்டாண்டு.

முதலில் சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பார்க்க வேண்டும். பிரேக் கட்டையில் ஒரு பக்கம் மட்டும் உரசினால் கோட்டம் இருக்கிறது. அந்தக் காலத்தில் சைக்கிள் கடை அண்ணன்கள் ஒரு சாக்பீஸை ரிம்முக்குப் பக்கத்தில் பிடிப்பார்கள். வளைந்து வரும் இடத்தில் மட்டும் கோடு விழும். கோடு விழுந்த பக்கத்துக் கம்பியைக் கொஞ்சம் தளர்த்தி, எதிர்ப் பக்கத்துக் கம்பியை இறுக்கினால் ரிம் மெதுவாக நேராகும். கால் திருகு, அரைத் திருகுதான். அவசரப்பட்டு முழுச் சுற்று இறுக்கினால் சக்கரம் எட்டு போட்டுவிடும். முதல் முறை எல்லோருக்கும் எட்டு போடும், பயப்பட வேண்டாம்.

அடுத்து செயின். அதற்கு ஒரு ஸ்கேல் போதும். சைக்கிள் செயினில் ஓர் ஆணிக்கும் அடுத்த ஆணிக்கும் நடுவே அரை அங்குலம் இருக்கும். உலகம் முழுக்க இதே அளவுதான். முதல் ஆணியிலிருந்து எண்ணினால் 25-வது ஆணி சரியாக 12 அங்குலத்தில் வர வேண்டும். 3 மில்லிமீட்டர் தள்ளிப்போயிருந்தால் செயின் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். அப்படியே ஓட்டினால் பல் சக்கரத்தையும் சேர்த்துத் தின்றுவிடும்.

இந்தப் பக்கத்துச் சாலைகளுக்குக் கட்டாயம் செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. முன்னால் 44 பல், பின்னால் 18 பல் இருக்கும் 26 அங்குலச் சக்கர சைக்கிள், பெடலை ஒரு சுற்று மிதித்தால் சுமார் 5 மீட்டர் ஓடும். சமதளத்தில் சுகம். ஏற்றத்தில் தொடை எரியும். பின்னால் இருக்கும் ஃப்ரீவீலைக் கழற்றிவிட்டு 22 பல் ஃப்ரீவீல் போட்டால் அதே ஒரு சுற்றுக்கு 4 மீட்டர் சொச்சம்தான் ஓடும், ஆனால் மிதிப்பது அவ்வளவு லேசாகிவிடும். செயினில் ஒரு கண்ணி சேர்க்க வேண்டி வரலாம். கியர் சைக்கிளுக்கு ஆகும் செலவில் சிறு துளிதான்.

விளக்கு வேண்டுமா? டயரில் உரசி ஓடும் பழைய டைனமோ பரண் மேல் கிடக்கும். பெரும்பாலும் 6 வோல்ட், 3 வாட். அதன் மின்சாரம் திசை மாறி மாறி வருவதால் எல்.இ.டி-க்கு நேரடியாகக் கொடுக்கக் கூடாது. நான்கு டயோடுகளைப் பாலம் மாதிரி இணைத்து, கூடவே ஒரு கெப்பாசிட்டரும் வைத்தால் குண்டு பல்பைவிடப் பல மடங்கு வெளிச்சம். எட்டாவது சயின்ஸ் படிக்கும் பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்துச் செய்யலாம். மொபைலை வாங்கி வைப்பதற்கு இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது!

கொல்லைப்புறத்தில் பிறந்த டயர்

வீட்டில் ஓர் ஆள் உட்கார்ந்து சைக்கிளை நோண்டினால், 'வேற வேலை இல்லையா?' என்று ஒரு குரல் வரத்தான் செய்யும். அந்தக் குரலுக்குச் சொல்லச் சில பதில்கள் உண்டு.

காற்றடைத்த சைக்கிள் டயர் எந்தத் தொழிற்சாலையிலும் பிறக்கவில்லை. பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்டு டன்லப், தன் மகனின் மூன்று சக்கர சைக்கிள் கட்டாந்தரையில் குதிக்காமல் ஓட வேண்டும் என்று 1887-ல் வீட்டில் செய்து பார்த்தது அது. அதற்கு நாற்பது வருஷத்துக்கு முன்பே ராபர்ட் தாம்சன் என்பவர் இதே யோசனைக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார் என்பது தனிக்கதை. விமானத்தைப் பறக்கவிட்ட ரைட் சகோதரர்கள், அமெரிக்காவின் டேட்டன் நகரில் சைக்கிள் கடை வைத்திருந்தவர்கள். இறக்கையின் மேல் காற்று எப்படி அழுத்துகிறது என்று பார்க்க, 1901-ல் ஒரு சைக்கிளின் ஹேண்டில்பாருக்கு முன்னால் இன்னொரு சக்கரத்தைப் படுக்கை வாட்டில் பொருத்தி, அதில் தகடுகளை மாட்டி, ஊர்த் தெருவில் வேகமாக மிதித்திருக்கிறார்கள். தெருவில் பார்த்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்! இரண்டு வருஷத்தில் பறந்த அவர்களின் முதல் விமானத்தில் புரொப்பெல்லரைச் சுழற்றியதும் செயினும் பல் சக்கரமும்தான்.

அவ்வளவு தூரம் போவானேன்? இதே விழுப்புரம் மாவட்டத்தில், கொரோனா காலத்தில், பொறியியல் படித்துவிட்டு விவசாயம் பார்த்துக்கொண்டிருந்த ஓர் இளைஞர், பழைய சைக்கிள் ஒன்றை வாங்கி மோட்டாரும் பேட்டரியும் பொருத்தி மின்சார சைக்கிளாக்கினார். மொத்தச் செலவு சுமார் 20,000 ரூபாய், ஒரு யூனிட் கரன்டில் 50 கிலோமீட்டர் வரை ஓடும் என்று அவர் சொன்னது 2021-ல் நாடு முழுக்கச் செய்தியானது. கணக்குப் போட்டால் சரியாகத்தான் வருகிறது. கூடவே பெடலும் மிதிக்கும் சைக்கிளுக்கு, கிலோமீட்டருக்கு 20 வாட்-ஹவர் தாராளம்.

இதைப் படித்துவிட்டு மோட்டார் வாங்கக் கிளம்புகிறவர்களுக்கு இரண்டு விஷயம். மோட்டார் 250 வாட்டுக்குக் குறைவாகவும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கு உள்ளேயும் இருக்கும் வரைதான் லைசென்ஸும் பதிவும் தேவையில்லை. அதைத் தாண்டினால் அது மோட்டார் வாகனம், போலீஸ் நிறுத்தினால் பதில் சொல்ல முடியாது. இன்னொன்று, லித்தியம் பேட்டரியை ராத்திரி முழுக்க, அதுவும் கீற்றுக் கொட்டகையிலோ வைக்கோல் போருக்குப் பக்கத்திலோ சார்ஜ் போடக் கூடாது. பேட்டரியைக் காக்கும் கட்டுப்பாட்டு போர்டு இல்லாத மலிவு செல்களைத் தொடவே வேண்டாம். இந்த இடத்தில் மட்டும் சிக்கனம் பார்ப்பது வீட்டுக்கே ஆபத்து.

மோட்டாரே இல்லாமலும் வேலை வாங்கலாம். மகாராஷ்டிரத்தின் ஜல்காவ் மாவட்டத்து விவசாயி கோபால் மல்ஹாரி பிஸே, சைக்கிளின் முன் சக்கரத்தையும் ஹேண்டில்பாரையும் வைத்துக்கொண்டு, பின்பக்கம் பிளேடு மாட்டி, களை எடுக்கும் கருவியாக்கினார். மாடு வாங்க முடியாத சிறு விவசாயிக்கு ஏற்ற சாமான். கண்டாச்சிபுரம் பக்கத்து மல்லாட்டைக் கொல்லையில் களை வெட்ட ஆள் கிடைக்காமல் அலைகிறவர்களுக்கு இதைச் சொன்னால் சட்டென்று புரியும். (வெளியூர்க்காரர்களுக்கு: மல்லாட்டை என்றால் நிலக்கடலை. இங்கே வந்து 'கடலை' என்று கேட்டால் ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள்.)

காற்று பார்த்துக் கிளம்பு

சைக்கிள் தயார். எந்தப் பக்கம் போவது?

தென்மேற்கே மிதித்தால் திருக்கோவிலூர். உலகளந்த பெருமாள் கோயில், தென்பெண்ணை ஆற்றுக்குள் நிற்கும் கபிலர் குன்று. அது இன்னொரு ஞாயிறுக்கு. இந்த முறை கிழக்கே போகலாம். கீழ்வாலை, பனமலை, மண்டகப்பட்டு. போக வர 50 கிலோமீட்டரைத் தாண்டும் என்பதால் விடிவதற்குள் கிளம்புவது நல்லது.

மாதமும் முக்கியம். ஆடியில் காற்று மேற்கிலிருந்து அடிக்கும். காலையில் கிழக்கே போகும்போது முதுகில் கை வைத்துத் தள்ளிவிடும். 'நாம இவ்வளவு வேகமா!' என்று தோன்றும். மத்தியானம் களைத்துத் திரும்பும்போது அதே காற்று நெஞ்சில் அடிக்கும். மார்கழி, தையில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வருவதால் கதை தலைகீழ். தெம்பு இருக்கும் காலையில் காற்றை எதிர்த்துப் போய்விட்டு, சாயங்காலம் காற்றோடு வீடு வந்துவிடலாம். வெயிலும் குறைவு. அதனால் இந்தப் பாதைக்கு மார்கழியும் தையும்தான் தோது.

பெரிய சாலையில் ஜல்லி லாரிகள் வரும், ஹாரன் மட்டும்தான் கொடுக்கும், இடம் கொடுக்காது. முடிந்தவரை கிராமச் சாலைகளில் போவதே உத்தமம். பையில் மாற்று டியூப், காற்றடிக்கும் பம்ப், இரண்டு லிட்டர் தண்ணீர். கருவேல முள்ளுக்குப் பல்லவனும் தெரியாது, பத்திரிகையும் தெரியாது.

கீழ்வாலைப் பாறைகளை முதலில் பார்க்கும்போது ஏமாற்றமாக இருக்கும். ஒன்றன்மேல் ஒன்றாக உருண்டு கிடக்கும் கருங்கல் பாறைகள், அவ்வளவுதானே என்று தோன்றும். கண் பழகிய பிறகு செங்காவி நிறத்தில் கோடுகள் தெரிய ஆரம்பிக்கும். மனித உருவங்கள், பறவை மூக்கு போன்ற முகங்கள். ஒரு விலங்கின் மேல் ஒருவர் அமர்ந்திருக்க, கூட நிற்கும் மனிதர்கள். சைக்கிளில் வந்து நிற்பவருக்கு அந்த ஓவியத்தை விட்டுக் கண்ணை எடுக்க முடியாது. இந்த வட்டாரத்தின் பழைய சவாரிப் படம் இதுதானே!

போட்டோவில் பளிச்சென்று விழட்டும் என்று பாறையில் தண்ணீர் தெளிக்கிற பழக்கம் சிலரிடம் உண்டு. தயவுசெய்து வேண்டாம். கை வைக்கவும் வேண்டாம்.

ஆனால், தண்ணீரைவிடப் பெரிய ஆபத்து வெடி மருந்து. ஓவியம் உள்ள பாறைகளைச் சுற்றி நடந்த கல் உடைப்பைப் பற்றித் தொல்லியல் ஆர்வலர்கள் பல வருஷமாகக் குரல் கொடுக்கிறார்கள். குன்று ஒன்று ஜல்லியாகிவிட்டால், அதில் என்ன வரைந்திருந்தது என்று பார்க்க யாராலும் முடியாது. இதில் வேடிக்கை என்னவென்றால், சைக்கிள் வழுக்கிக்கொண்டு வந்த தார்ச்சாலைக்கு அடியில் கிடப்பதும் இதே மாதிரிக் குன்றின் ஜல்லிதான். ரோடு வேண்டாம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. எந்தக் குன்றைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று கோடு போடும் வேலைதான் பாக்கி. அந்தக் கோடு வெடி வைப்பதற்கு முன்னால் விழ வேண்டும்.

குடையின் கீழ் ஒரு பார்வதி

பனமலைக்குப் போகும் வழியில் 22 பல் ஃப்ரீவீல் வேலை செய்வது தெரியும். ஏரி, கரையோரப் பனைகள், அதை ஒட்டிச் சின்ன மலை, மேலே தாளகிரீஸ்வரர் கோயில். சைக்கிளைக் கீழே பூட்டிவிட்டுப் படியேற வேண்டும்.

காஞ்சி கைலாசநாதர் கோயிலைக் கட்டிய அதே ராஜசிம்ம பல்லவன், சுமார் 1,300 வருஷத்துக்கு முன்னால் கட்டியது. தூண்களின் அடியில் பின்னங்காலில் எழுந்து நிற்கும் சிங்கங்கள் அவன் முத்திரை. இங்கே ஒரு சிறு சந்நிதிச் சுவரில் பல்லவர் கால ஓவியம் ஒன்று மிச்சமிருக்கிறது. குடையின் கீழ், மகுடத்தோடு, ஒரு காலை மடித்துச் சாய்ந்து நிற்கும் பார்வதி. சிவனின் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். சிவன் இருந்த பகுதி பெரும்பாலும் அழிந்துவிட்டது. பார்ப்பவள் மட்டும் அங்கேயே நிற்கிறாள்.

மேலே நின்றால் ஏரிக்காற்று முகத்தில் அடிக்கும். கட்டிக்கொண்டு வந்த புளிசாதத்தைப் பிரிக்க இதைவிட நல்ல இடம் இந்தப் பாதையில் கிடையாது. இலையையும் கவரையும் மலையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள்.

இங்கிருந்து கிழக்கே போகும்போது கொஞ்சம் விலகினால் எண்ணாயிரம். முதலாம் ராஜேந்திர சோழன் காலத்தில் இங்கே ஒரு கல்லூரி நடந்தது. 340 மாணவர்கள், 14 ஆசிரியர்கள் என்று கோயில் கல்வெட்டே கணக்குச் சொல்கிறது. கால் வலிக்காதவர்கள் போய்ப் பார்க்கலாம்.

ராஜா செய்த பரிசோதனை

விழுப்புரம் - செஞ்சி சாலைப் பக்கம் இருக்கிறது மண்டகப்பட்டு. பாறையின் முகப்பில் தூண்கள், இரண்டு ஓரங்களிலும் ஆளுயரத்துக்கு மேல் காவலர்கள், உள்ளே மூன்று வெறும் அறைகள். ஐந்து நிமிடத்தில் பார்த்து முடித்துவிடலாம் போலத்தான் இருக்கும். அங்கே வடமொழியில் பொறித்திருக்கும் கல்வெட்டின் பொருள் தெரிந்தால் அரை மணி நேரம் ஆகும்.

செங்கல் இல்லை, மரம் இல்லை, உலோகம் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. இவை எதுவும் இல்லாமல் பிரம்மா, சிவன், விஷ்ணு மூவருக்கும் ஒரு கோயில் செய்து காட்டியிருக்கிறேன் என்பதுதான் அதன் சாரம். செய்தவன் பெயர் விசித்திரசித்தன். முதலாம் மகேந்திரவர்மனின் பட்டப்பெயர்களில் ஒன்று அது. புதிது புதிதாக ஏதாவது தோன்றிக்கொண்டே இருக்கும் மனசுக்காரன் என்று வைத்துக்கொள்ளலாம். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவன் குடைந்த இதைத்தான் பல்லவர்களின் முதல் குடைவரை என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இவன்தான் 'மத்தவிலாசப் பிரகசனம்' என்ற நகைச்சுவை நாடகத்தையும் எழுதியவன்.

கல்வெட்டின் தொனியைக் கவனியுங்கள். போரில் ஜெயித்தேன், நாட்டைப் பிடித்தேன் என்ற பேச்சே இல்லை. வழக்கமான சாமான் எதுவும் இல்லாமலே செய்துவிட்டேன் பார் என்கிறான். பழைய சைக்கிளில் எல்.இ.டி எரியவைத்துவிட்டு வீட்டில் எல்லோரையும் வாசலுக்குக் கூப்பிடும் ஆளின் குரல் மாதிரியே இருக்கிறது! அந்தக் காலத்திலும் யாராவது, 'செங்கல்லே இல்லாம கோயிலா? ராஜாவுக்கு வேற வேலை இல்லையா?' என்று முணுமுணுத்திருப்பார்கள்.

கூட வரும் பிள்ளைகளுக்கு இங்கே ஒரு வேலை கொடுக்கலாம். தூணின் மேல்பாகத்தையும் அடிப்பாகத்தையும் நடுப்பாகத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். மேலும் கீழும் சதுரம், நடுவில் மட்டும் பட்டை தீட்டியிருக்கும். மரத்தூண் செய்து பழகிய காலத்தில், பாறையில் தூண் எப்படி இருக்க வேண்டும் என்று யோசித்துச் செதுக்கிய கை அது.

திரும்பும் வழி

வெயில் சாயும்போது கிளம்பினால் இருட்டுவதற்குள் கண்டாச்சிபுரம் வந்துவிடலாம். கொஞ்சம் தாமதமானால் டைனமோ இருக்கிறது.

சாயங்காலச் சாலையில் இன்னொரு காட்சியும் கண்ணில் படும். தண்ணீர்க் குடத்தையோ புல்லுக்கட்டையோ கேரியரில் வைத்து மிதித்துக்கொண்டு வரும் பெண்கள். 1991-92-ல் புதுக்கோட்டையில் கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் இருந்தபோது அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து பெண்கள் சைக்கிள் பழகியதையும், அப்படிப் பழகியவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் என்பதையும் பத்திரிகையாளர் பி.சாய்நாத் எழுதியிருக்கிறார். பஸ்ஸுக்கும், அண்ணன் தம்பி துணைக்கும் காத்திருக்காமல் நினைத்த நேரத்தில் கிளம்ப முடிந்ததுதான் அங்கே நடந்த பெரிய விஷயம். இன்றைக்கு அவர்களின் பேத்திகளிடம் ஸ்கூட்டி இருக்கிறது. எல்லா வீட்டிலும் இல்லை. ஸ்கூட்டி இல்லாத வீட்டில், வேப்பமரத்தடி சைக்கிள் எடைக்குப் போய்விட்டால், டியூஷனுக்கும் நூலகத்துக்கும் போவது அப்பா எப்போது வருவார் என்பதைப் பொறுத்ததாகிவிடும்.

வீடு வந்ததும் சைக்கிளை அப்படியே சாய்த்துவிட்டுப் படுக்கத் தோன்றும். ஐந்து நிமிடம் பொறுங்கள். செயினில் ஒட்டிய புழுதியைப் பழைய துணியால் துடைத்து, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, டயரில் முள் ஏதும் குத்தியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பின் பிரேக் கொஞ்சம் தளர்ந்திருக்கும், அதையும் இறுக்கிவிடுங்கள். சீட்டை மட்டும் ஓர் அங்குலம் இறக்கி வையுங்கள். திங்கட்கிழமை காலையில் தங்கச்சி பள்ளிக்கூடத்துக்கு எடுத்துக்கொண்டு போக வேண்டும்.